குடலுக்கு நேரம் குறித்தவன்

வயிற்றில் பை கட்டிக்கொண்டிருக்கும் யாராவது படிப்பீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு படிக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சிம்மக்கல்லில் டவுன் பஸ்களுக்கு நேரம் குறிக்கும் டைம் கீப்பர் நான். ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதித்தாலும் டிரைவரோடு மல்லுக்கு நிற்பவன், என் காய்ச்சலைப் பதினெட்டு நாள் ஓட விட்டேன். மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு நோட்டும் கையுமாக நின்றேன். பத்தொன்பதாம் நாள் காலை வயிறு பலகையாக இறுகிவிட்டது. டைபாய்டு (குடலைப் புண்ணாக்கும் காய்ச்சல்) சிறுகுடலில் ஓட்டை போட்டிருந்தது.

மயக்கம் தெளிந்தபோது தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு பை ஒட்டியிருந்தது. இலியாஸ்டமி (சிறுகுடலின் முனையை வயிற்றுத் தோல் வழியே வெளியே எடுத்துத் தைப்பது) என்றார் டாக்டரம்மா.

"புண்ணு ஆறட்டும். மூணு நாலு மாசத்துல சேத்து உள்ள வச்சிருவோம். அதுவரைக்கும் இதுதான் உங்களுக்கு வாசல்."

பை மாற்றும்போது என் மனைவி செல்வி முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று பயந்தேன். அவள் குனிந்து வெளியே தெரிந்த குடல் முனையைப் பார்த்துவிட்டு, "மாதுளம்பழ நெறத்துல இருக்குங்க" என்றாள்.

நானும் பார்த்தேன். அது அசைந்தது. நான் அசைக்கவில்லை. சுருங்கியது, விரிந்தது, ஒரு சொட்டை வெளியே தள்ளிவிட்டு ஓய்ந்தது. முப்பத்தொன்பது வருடம் எனக்காக உழைத்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் போட்டேன். கீரை: காலை 8.10 உள்ளே, 12.40 வெளியே, பச்சை மாறாமல். பீட்ரூட்: நாலரை மணி நேரம். தக்காளித் தோல் போட்டது போட்டபடி வந்தது. ஆனால் இட்லி? எத்தனை முறை பார்த்தும் இட்லி என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. நான்கு இட்லி எங்கேதான் போயின? என் கையில் கன்னத்தில் சதையாக ஏறிக்கொண்டிருந்தன என்று நினைத்தபோது எனக்குப் புல்லரித்தது.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிச் சிரித்தார். பிறகு சொன்னார்: "சத்த எடுக்குறது சிறுகுடல். தண்ணியையும் உப்பையும் பிழிஞ்சு திருப்பிக் குடுக்குறது பெருங்குடல். அது இப்ப லீவுல இருக்கு. அதனால உப்புப் போட்ட கஞ்சி, மோரு, விடாம குடிக்கணும். மறந்துறாதீங்க."

மறக்கவில்லை. தெரிந்தேதான் தப்புச் செய்தேன்.

வைகாசியில் செல்வியின் அண்ணன் மேலூர் ரோட்டில் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். எனக்கு ஆபரேஷன் ஆனது அவருக்குத் தெரியும், பை இருப்பது தெரியாது. பந்தியில் பை நிறைந்து மானம் போய்விட்டால்? முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே வாயைக் கட்டிவிட்டேன். ஆனால் எங்கள் பக்கம் விசேஷ வீட்டில் கை நனைக்காமல் திரும்பினால் அது தலைமுறைக்கும் பகை. தப்பிக்க விரதம் ஒன்றுதான் வழி.

"கருப்பனுக்கு நேந்திருக்கேன் மச்சான். பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது."

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் பெயரில் எங்கள் ஊரில் திருடன்கூடப் பொய் சொல்லமாட்டான். செல்வி என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஒன்றுமே சாப்பிடாதபோதும் பை நிறைந்தது. குடல் தன் சாறுகளைச் சுரந்து அனுப்பிக்கொண்டே இருந்தது. சோறு வரும் என்று அது காத்திருந்திருக்கிறது. சாயங்காலம் கெண்டைக்கால் இரண்டும் முறுக்கி இழுத்தன. பந்தல் காலைப் பிடித்தபடி கீழே சரிந்தேன். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுபடி அதே ஆஸ்பத்திரி. இரத்தத்தில் யூரியா (சிறுநீரில் வெளியேற வேண்டிய கழிவு) ஏறியிருந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"உடம்புல தண்ணி வத்திப்போயி கிட்னி வேலைய நிறுத்திருச்சு. ரெண்டு நாள் பாப்போம். திரும்பலைன்னா டயாலிசிஸ் (இரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்வது) பண்ணணும். குடலச் சேக்குற பேச்சையே அப்புறம் எடுக்க முடியாது."

செல்வி தன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கட்டிலோரம் வந்து நின்றார்.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன மாப்ள வெக்கம்? கருப்பங்கிட்ட போயி விளையாண்டிருக்கீங்களே."

"கருப்பன் ஒண்ணும் பண்ணலைங்க. உப்புக் கொறஞ்சுபோச்சு" என்றார் டாக்டரம்மா.

"அம்புட்டு உப்பையும் எண்ணி வச்சிருக்கிறவனே அவந்தான் டாக்டர்."

டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டார். சலைன் (உப்பு நீர்) பாட்டிலை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு இரவும் ஒரு பகலும், சிறுநீருக்காகச் செருகிய குழாயில் எதுவும் இறங்கவில்லை. என் மூச்சின் நாற்றம் எனக்கே தெரிந்தது, வாயில் துருப்பிடித்த இரும்பின் சுவை. தினமும் எத்தனை முறை எழுந்து போய்விட்டு வந்து உட்கார்ந்திருப்பேன், ஒருநாளாவது நினைத்திருக்கிறேனா? இரண்டாம் நாள் மதியம் செல்வி குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றாள். குழாயின் அடியில் தொங்கிய பையில் கடுங்காப்பி நிறத்தில் கொஞ்சம் தேங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் அது வெளுத்து மஞ்சளாயிற்று. அந்தப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். நானும் அழுதேன். மூத்திரத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட குடும்பம் எங்களுடையது.

கிட்னி தேறும்வரை தள்ளிப்போட்டு, புரட்டாசியில்தான் குடலைச் சேர்த்தார்கள். தினமும் காலை ஒரே கேள்விதான்: "காத்துப் பிரிஞ்சதா?" குடல் விழித்துக்கொண்டதற்கு அதுதான் சாட்சி, அதுவரை பச்சைத் தண்ணீர் கிடையாது. இந்த முறை விரதம் நிஜம். ஏழு மாதமாக லீவில் இருந்த பெருங்குடல் வேலைக்குத் திரும்புமா என்று காது கொடுத்துப் படுத்துக்கிடந்தேன். நான்காம் நாள் அடிவயிற்றில் ஏதோ உருண்டது. பிறகு எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் ஒரு சத்தம்.

"செல்வி, மணி என்ன?"

"ஆறு அம்பது" என்றாள். சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நோட்டில் அதுதான் கடைசி வரி.

கார்த்திகையில் மச்சான் தன் புது வீட்டில் எனக்கு இலை போட்டார். கரண்டியோடு எதிரே வந்து நின்றார்.

"கருப்பனுக்கு நேத்திக்கடன் ஏதும் இருக்கா மாப்ள?"

"ஒண்ணும் இல்ல மச்சான். ஊத்துங்க."

சோறு, பருப்பு, கீரை, ரசம், மோர். ஒவ்வொரு வாயும் தொண்டையைத் தாண்டும்வரைதான் என் வேலை, அதற்கப்புறம் என்னைக் கேட்காமலே எல்லாம் நடக்கும். கை கழுவும்போது பழக்கதோஷத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று இருபது. எங்கும் எழுதவில்லை. உள்ளே இருட்டில் ஒரு வண்டி கிளம்பியிருக்கிறது, அது தன் நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்.