மூன்று வீட்டில் சாப்பிட்டும் இளைத்த மணி

தீபாவளிக்கு முந்தின வாரம். காலையில் கேட் பக்கத்தில் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிகிறேன். பக்கத்து வீட்டு சரோஜாம்மா காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி ஒரு குண்டைப் போட்டார்.

"ஏன்ரீ, உங்க பெக்குக்கு ஊட்டா ஹாக்கல்வா?"

பெக்கு என்றால் பூனை. பூனைக்குச் சாப்பாடு போடுவதில்லையா என்று கேட்கிறார். சரோஜாம்மா என்னோடு எப்போதும் தமிழில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். ஆக, கோபமாக இருக்கிறார்!

எனக்கு முகம் சுண்டிப்போனது. என்ன பதில் சொல்வது? காலையில் முட்டை, மத்தியானம் மீன், சாயங்காலம் ஈரல் என்று மெனுவை ஒப்பிப்பதா? ஒப்பித்தால் நம்புவாரா? பக்கத்திலேயே சாட்சி நிற்கிறதே... முதுகெலும்பு துருத்திக்கொண்டு, வயிறு ஒட்டிப்போய், எங்கள் மணி.

மணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் பையன் அஞ்சாம் கிளாஸ். தொம்மலூர் பஸ் ஸ்டாப் பக்கம் மழையில் நனைந்துகொண்டிருந்ததை ஸ்கூல் ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு வந்தான். வெள்ளை உடம்பில் அங்கங்கே ஆரஞ்சுத் திட்டு. நன்றாக வளர்ந்தாள். சோபாவில் உட்கார்ந்தால் ஒரு குஷன் அதிகமாக இருப்பது போலத் தெரியும். பையன் இப்போது சென்னை ஹாஸ்டலில் தங்கி என்ஜினீயரிங் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதல் கேள்வி, "மணி எப்படிம்மா இருக்கா?" என் முறை அப்புறம்தான் வரும்.

அந்த மணிதான் இளைக்கத் தொடங்கினாள். சாப்பிடாமல் இளைத்தால்கூட ஒரு காரணம் புரியும். இவள் தட்டை நக்கித் துடைத்துவிட்டு, 'அப்புறம்?' என்பது போல நிமிர்ந்து பார்ப்பாள். அப்புறமும் போடுவேன். அதையும் முடிப்பாள். மறுநாள் தடவிப் பார்த்தால் இடுப்பெலும்பு கையில் குத்தும்.

பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தேன். பூச்சி போயிருக்கலாம்... சதை வரவில்லை.

வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகவில்லை. சிலிண்டர் போட வந்தவர், "மேடம், பூனைக்கும் ரேஷனா?" என்றார். வேலூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் தன் தட்டிலிருந்த மீனை எடுத்து என் கண் முன்னாலேயே மணிக்குப் போட்டு, "தின்னுடி, நான் இருக்கிற வரைக்குமாவது வயிறார தின்னு" என்றார். என் சமையலறையில், நான் வறுத்த மீன்!

வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தாமலே சொன்னார்: "வயசாயிடுச்சு. விடு."

அந்த 'விடு'தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பையனிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா இருக்காடா" என்றே சமாளித்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி ரவிக்கை வாங்க ஃபிலோமினா அக்கா வீட்டுக்குப் போனேன். பின் சந்தில் தையல் மெஷின் போட்டிருப்பவர். ரோட்டில் மேம்பால வேலை நடப்பதால் ஒரே தூசி. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சந்துக்குள் திரும்பினால், அக்கா வீட்டு வாசலில் ஒரு அலுமினியத் தட்டு. தட்டு நிறைய மத்தி மீன் தலைகள். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு... மணி!

"மெதுவாத் தின்னுடி ஸ்டெல்லா. யாரும் புடுங்க மாட்டாங்க" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார் அக்கா.

"ஸ்டெல்லாவா? அக்கா, இது எங்க மணி!"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரவிக்கையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அப்ப, பட்டினி போடற வூடு உங்க வூடுதானா? நான் யாரோ என்னவோன்னு தினம் திட்டினு இருக்கேன்மா!"

எப்படி இருக்கும் எனக்கு? ஆனால் யோசித்தேன். இங்கே ஒரு தட்டு ஓடுகிறது என்றால், வேறு எங்கேயும் ஓடுகிறதோ? அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து சரோஜாம்மாவைச் சுவர்ப் பக்கம் கூப்பிட்டேன். கேட்டதும் அவர் கொஞ்சம் நெளிந்தார்.

"நான் என்ன பண்றது, நீங்க போடலைன்னு நெனச்சேன். அதுக்குத்தான் தினம் நெய் போட்டு, தயிர் போட்டு, அன்னம் வெக்கறேன். நம்ம வீட்ல மீன் எல்லாம் சமைக்கறதில்லை அல்லவா? பாவம், லக்ஷ்மி அதையும் தின்னுது."

லக்ஷ்மி!

மூன்று வீடு, மூன்று பெயர், மூன்று சாப்பாடு. ஒவ்வொரு வீட்டிலும் மற்ற வீட்டைப் பற்றி வசவு. சுவரோரம் நின்றபடி, ஒரு நாளைக்கு அவள் உள்ளே போவதையெல்லாம் மூவரும் கூட்டிப் பார்த்தோம். ஒரு நாய்க்கே அது ஜாஸ்தி.

"அப்படின்னா இவ்ளோவும் எங்க போவுது?" என்றார் ஃபிலோமினா அக்கா, மெதுவாக.

அதுவரை யார் மேலாவது பழி போட முடிந்ததே, அது ஒரு நிம்மதியாக இருந்திருக்கிறது எங்களுக்கு. இப்போது பழி போட ஆள் இல்லை. பயம் மட்டும்தான் மிச்சம்.

மறுநாளே காய்கறிக் கூடையில் மணியைப் போட்டு, மேலே துண்டைக் கட்டி, மூன்று பேரும் ஆட்டோ ஏறினோம். டாக்டர் சின்னப் பெண். குழந்தைகளை எடை பார்க்கும் தராசில் மணியை வைத்தார். முள் இரண்டு கிலோவைத் தாண்ட யோசித்தது. கழுத்தைத் தடவினார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு அதைக் கழற்றி என் காதில் மாட்டினார்.

ஒரே ஓட்டம். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இடைவெளியே இல்லை. அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே மட்டும் அப்படி ஓடுகிறாள்.

"தைராய்டா இருக்கும் ஆன்ட்டி" என்றார் டாக்டர். "அது ஓவரா வேலை செஞ்சா, எவ்ளோ சாப்பிட்டாலும் உடம்பு எரிச்சுடும். வயசான பூனைகளுக்கு வரும். பிளட் டெஸ்ட் பண்ணி கன்ஃபர்ம் பண்ணிக்கலாம். மாத்திரை இருக்கு, ஆனா லைஃப் முழுக்கக் கொடுக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் தண்ணீர். காரணம் இருக்கிறது. எனக்கும் தைராய்டுதான். ஆனால் குறைவு! காலை டிபனைப் பாதியாக்கினாலும் எடை ஏறும். என்னைப் பார்ப்பவர்கள், "அரிசியைக் குறைங்க, கொஞ்சம் நடங்க" என்பார்கள். நான் நாள் பூராவும் தின்றுகொண்டே இருக்கிறேன் என்று அவர்களுக்கு முடிவாகத் தெரியும். மணிக்கு யாருமே எதுவுமே போடுவதில்லை என்றும் அதே போல முடிவாகத் தெரியும். ஒரு உடம்பைப் பார்த்ததும் அதன் தட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிற சாமர்த்தியம் நமக்கெல்லாம் எப்படி வந்தது?

டெஸ்ட்டும் அதையேதான் சொன்னது. மாத்திரை ஆரம்பித்தோம். 'ஆரம்பித்தோம்' என்று எழுதிவிட்டேன், என் கைகளில் இருக்கும் கீறல்களைப் பார்த்தால் கதை தெரியும். மீனுக்குள் ஒளித்து வைத்தால், மீனைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் பளபளவென்று துடைத்துத் தட்டில் வைப்பாள். கடைசியில் சரோஜாம்மாதான் மாத்திரையைப் பொடித்து வெண்ணெயில் குழைத்து அவள் முன்னங்காலில் தடவினார். பூனை தன் காலை அழுக்காக விடுமா? நக்கித் தீர்த்தாள். மூன்று வீட்டுத் தட்டுகளும் ஒரே தட்டாயின. அக்கா மட்டும் கேட்டருகே வந்து, "ஒரே ஒரு தலை போடட்டுமாம்மா?" என்று பர்மிஷன் கேட்பார்.

இனி சுபம் என்றுதானே நினைத்திருப்பீர்கள்? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை வாந்தி எடுத்தாள். கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மீன் வைத்தேன், தொடவில்லை. ஈரல் வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை நாள் தின்று தீர்த்தவள் தின்ன மறுக்கிறாள். டாக்டருக்குப் போன் செய்தேன். "சிலதுக்கு மாத்திரை ஒத்துக்காது ஆன்ட்டி. இன்னிக்கி நிறுத்திடுங்க, காலைல கூட்டிட்டு வாங்க" என்றார்.

அடுத்த போன் பையனுக்கு. இனியும் மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. "வர்றேம்மா" என்றான், அவ்வளவுதான்.

விடிந்ததும் வந்துவிட்டான். பையைக்கூடக் கழற்றாமல் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினான். கூப்பிடவில்லை, இழுக்கவில்லை. கையை நீட்டியபடியே கிடந்தான். ஆறடிப் பையன், பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். 'விடு' என்று சொன்னவர்தான். போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவன் தலைக்குக் கீழே சொருகினார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"அம்மா... கையை நக்குறா."

டாக்டர் அன்று ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து மாத்திரையைப் பாதியாக்கி மறுபடி தொடங்கச் சொன்னார். பாதி ஒத்துக்கொண்டது. திங்கட்கிழமை மணி ஒரு முட்டை சாப்பிட்டாள், அதை நான் சென்னைக்கு எஸ்டிடி போட்டுச் சொன்னேன். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அந்த உள் ஓட்டம் தணிந்தது. பொங்கலுக்கு அப்புறம் தராசில் வைத்தபோது முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. துண்டோடு சேர்த்து வைத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டு, சரோஜாம்மா துண்டை எடுத்துவிட்டு இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். மணிதான்! மணியின் சொந்த எடை!

ஃபிலோமினா அக்கா விவேக் நகர் சர்ச்சுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனார். சரோஜாம்மா கோயிலில் அர்ச்சனை செய்தார், லக்ஷ்மி என்ற பெயருக்கு. எந்த நட்சத்திரம் என்று கேட்ட அர்ச்சகருக்கு என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்ல மறுக்கிறார்.

பழைய குஷன் சைஸ் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரவேண்டாம். தடவினால் எலும்புக்கும் கைக்கும் நடுவே கொஞ்சம் பூனை இருக்கிறது. அது போதும்.

போன வாரம் மணி காம்பவுண்டுச் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண்மணி என்னோடு பேச்சுக் கொடுத்தார். ஊர் எது, பையன் என்ன படிக்கிறான் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, மணியை உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"வயிறு லேசா தெரியுதே... மாசமா இருக்காளா?"

பெண்ணாகப் பிறந்துவிட்டால், பூனையைக்கூட விட மாட்டேன் என்கிறார்களே!