மாறிக் குத்திய மூக்குத்தி

நான் வாழப்போன வீட்டின் முன் விறாந்தையில் ஐந்து படங்கள் தொங்கின. என் மாமனாரின் தகப்பனார், மாமாவை வளர்த்த சின்னம்மா, மலாயா ரயில்வேயில் மாமாவோடு வேலை பார்த்த கிளாக்குமார் வரிசையாக நின்ற படம், இரண்டு முருகன். மாமாவைப் பெற்ற தாயை மட்டும் காணவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. கலியாணம் முடிந்து பத்து நாள் ஆகவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஊரிலை செத்த பெண்டுகளை எல்லாம் படம் கீறினவ அவதான் பிள்ளை. அவ செத்தபோது கீற ஆரும் இருக்கேல்லை," என்றார் மாமா. பேப்பரை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். வந்ததும் வராததுமாக மனிதரின் புண்ணில் கை வைத்துவிட்டேனே என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மிச்சக் கதையை என் கணவர்தான் சொன்னார். மாமாவின் தாய் படம் கீறப் பழகியது மிஷன் பெண்கள் விடுதியில். பாதிரியாரின் மனைவி சனிக்கிழமைப் பின்னேரங்களில் பூவும் பழமும் கீறக் காட்டிக்கொடுத்தாராம். பெண் கிறிஸ்தவ வேதத்தில் சேரப்போகிறாள் என்று யாரோ தகப்பனின் காதில் போட, அவர் வண்டி கட்டிக்கொண்டு போய் அன்றைக்கே கூட்டிவந்துவிட்டார். வேதம் வீட்டுக்கு வரவில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று குப்பி குப்பியாகத் தீந்தை நிறைந்த ஒரு மரப்பெட்டி மட்டும் வண்டியில் கூடவே வந்துவிட்டது.

கலியாணமான பிறகு அந்தப் பெட்டிக்கு வேலை வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்களைப் படமாகக் கீறமாட்டார்கள். ஆயுள் குறைந்துவிடும் என்று பயம். ஆனால் ஒரு பெண் செத்துப்போனால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் படையலுக்கு முன்னால் வைக்க ஒரு முகம் வேண்டும். போட்டோப் பிடிக்கிறவன் பட்டணத்தில் இருந்தான், பணக்காரருக்கு மட்டும் வருவான். ஆண்கள் யாரும் உள்வீட்டுக்குள் வந்து செத்த பெண்ணை உற்றுப் பார்த்துக் கீறமுடியாது. அதனால் மாமாவின் தாய்க்கு ஆள் வரும். பாடை எடுப்பதற்கு முன் போய் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்து, முப்பது நாளைக்குள் கீறிக் கொடுத்துவிடுவாராம். ஒரு கடகம் நெல்லோ, ஒரு குலை வாழைப்பழமோ கொடுப்பார்கள். கொடுக்காமலும் விடுவார்கள்.

பேதி பரவிய ஒரு மாரியில் அவரும் போய்விட்டார். மாமாவுக்கு அப்போது மூன்று வயது. முகம் ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்தது தீந்தை மணம் மட்டும். மலாயாவில் ஸ்டேசனுக்குத் தீந்தை பூசுகிற நாட்களில், வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நிற்பாராம். மற்றவர்கள் வேலையில் பெரிய அக்கறைக்காரன் என்று நினைத்தார்களாம்.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருசம் முந்தி மாமாவின் வலக்கண்ணில் வெள்ளை விழுந்து பார்வை போய்விட்டது. இடக்கண்ணும் மங்கத் தொடங்கியது. முற்றட்டும், பிறகு வெட்டிப் பார்ப்போம், ஆனால் நிச்சயம் சொல்லமாட்டேன் என்றார் டாக்குத்தர். அன்று மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றபோது மாமா தனக்குத் தானே கதைத்தது எனக்குக் கேட்டது. "இது முழுக்க இருட்டுறதுக்கு முதல் ஒருக்கால் அம்மாவின்ரை முகத்தைப் பாத்தாப் போதும்." இல்லாத முகத்தை எங்கே போய்ப் பார்ப்பது? எனக்கு அழுகையும் கோபமும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும். அன்றைக்கும் அப்படித்தான், பாவம் மாட்டுக்குத்தான் ஏச்சு விழுந்தது.

அதற்கு அடுத்த கிழமை பெரியவளவு வீட்டுக்கு மிளகாய்த்தூள் இடிக்கப் போயிருந்தேன். அந்த வீட்டு மாமி எங்கள் மாமாவின் வயதுக்காரி, ஒரு வருசம் இளையவர். அவர் பிறந்த மூன்றாம் நாளே தாய் போய்விட்டார். இடித்து முடித்துக் கைகால் கழுவியபின் சாமி அறையில் கும்பிடப் போனேன். அங்கே அவருடைய தாயின் படம் இருந்தது. நெற்றியில் சந்தனம், முன்னால் விளக்கு.

"உந்தப் படத்தைப் பாத்தியே பிள்ளை," என்றார் மாமி பின்னால் நின்று. "மூக்குத்தியை இடப்பக்கம் கீறிப்போட்டா உன்ரை மாமாவின்ரை தாய். எங்கடை பெண்டுகள் ஆர் இடப்பக்கம் குத்தினவை? ஆனா என்னைப் பெத்த ஐயா திருத்த விடேல்லை. கீறின கை கீறினதுதான் எண்டிட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த முகத்தில் ஏதோ ஒன்று என்னை நிறுத்தியது. கீழுதடு ஒரு பக்கம் சற்று மடிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. எங்கேயோ பார்த்த உதடு. வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்து வீட்டுப் படியேறினால், என் மகன் அதே உதட்டோடு மண்ணைத் தின்றுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு என்னை யாரும் பிடித்து நிறுத்த முடியவில்லை. அந்த அம்மாவின் படம் எந்தெந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்கெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு வீட்டில் உறைமோர், ஒரு வீட்டில் முருங்கைக்காய். ஒன்பது படம் பார்த்தேன். ஏழில் மூக்குத்தி சரியாக வலப்பக்கம் இருந்தது. ஏழு பேருக்கும் ஏழு முகம், ஒன்றைப்போல் ஒன்றில்லை. எட்டாவது படம் செல்லரித்துப் பாதிதான் மிச்சம். நெற்றியும் கண்ணும் போய், மூக்குக்குக் கீழேதான் இருந்தது. அதில் மூக்குத்தி இடப்பக்கம். அதே உதடு. ஒன்பதாவது பெரியவளவு மாமியின் தாய்.

அந்த எட்டாவது வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருடைய பாட்டி மட்டக்களப்பில் செத்தவராம், உடம்பு இங்கே வரவே இல்லையாம். பெரியவளவு மாமியின் தாயும் கொடிகாமத்தில் இருந்து கலியாணம் கட்டி வந்து, ஒரு வருசம் ஆகுமுன், வெளியே நாலு பேர் பார்க்காமலே போனவர். அவர் செத்த நாள் மாமாவின் தாய் புருசனோடு கீரிமலைக்கு அப்பால் ஒரு கலியாண வீட்டில் இருந்தாராம். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. செத்த பெண்ணின் முகம் எப்படி என்று அவளுடைய புருசனைக் கேட்டிருப்பார். நம் ஆண்பிள்ளைகளிடம் அதைக் கேட்டால் "நல்ல வடிவு" என்பதைத் தாண்டி ஒரு சொல் வராது. என்னுடையவரிடம் நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இந்த இரண்டுக்கு மட்டும் மூக்குத்தி மாறியது என்பது ஒருநாள் காலையில் கண்ணாடி முன் நின்று, புளியில் கழுவிய என் மூக்குத்தியைத் திரும்பப் போடும்போதுதான் விளங்கியது. கண்ணாடிக்குள் நின்றவள் என்னைப் பார்த்து நிற்கிற வேறொருத்தி என்றால், அவளுக்கு மூக்குத்தி இடப்பக்கம். பரணில் ஏறித் தீந்தைப் பெட்டியை இறக்கினேன். காய்ந்த குப்பிகளுக்கும் மயிர் உதிர்ந்த தூரிகைகளுக்கும் அடியில் ஒரு கண்ணாடி இருந்தது. அதன் மரச்சட்டம் முழுக்கத் தீந்தைக் கறை.

மாமா சவரம் செய்துகொண்டிருந்தார். முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னேன். வெற்றிலைத் தட்டத்தில் இருந்த சுண்ணாம்பை விரலில் தொட்டுத் தன் வலப்பக்க மூக்கில் ஒரு பொட்டு வைத்தார். சவரக் கண்ணாடியை அருகே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ரயில்வேயில் முப்பது வருசம் எல்லோரையும் நடுங்க வைத்த மனிதர், பாதி முகம் சவர்க்கார நுரையும் மூக்கில் சுண்ணாம்புமாக நின்றார். நான் சிரிக்கவில்லை.

"உயிரோடை இருக்கிற ஆளைக் கீறக்கூடாதெண்டு அவவுக்குத் தெரியாதோ பிள்ளை?" என்றார். "மூண்டு வயசுப் பிள்ளையை விட்டிட்டுப் போனவ."

தெரிந்துதான் கீறியிருப்பார். தாயில்லாத பச்சைக் குழந்தைக்கு ஒரு முகம் வேண்டும் என்று நினைத்திருப்பார். அந்த நேரத்தில் அவரிடம் இருந்தது அந்த ஒரு முகந்தான்.

பட்டணத்துப் போட்டோக்காரரைக் கூட்டிவந்து அந்தப் படத்தைப் போட்டோப் பிடித்துப் பெரிதாக்கி எங்கள் விறாந்தையில் மாட்டுவது என்று நானும் என் கணவரும் முடிவெடுத்தோம். பெரியவளவு மாமியிடம் விசயத்தைச் சொல்லிக் கேட்டால் மறுக்கமாட்டார். மாமா இரண்டு நாள் யோசித்து ஓம் என்றார். மூன்றாம் நாள் சித்திராப் பௌர்ணமி. தாயை இழந்தவர்கள் எல்லோரும் விரதம் இருந்து படைக்கிற நாள். வழமையாக எங்கள் வீட்டில் மாமா ஒரு வெறும் பலகைக்கு முன்னால் இலை போடுவார். அந்த வருசம், "வந்து போடுவம்," என்று சொல்லிவிட்டுக் கீரிமலையில் தோய்ந்த ஈர வேட்டியை மாற்றி, புதுச் சால்வை போட்டுக்கொண்டு என்னோடு புறப்பட்டார். வழியில் இரண்டு தரம் கேட்டார், "என்னெண்டு தொடங்குறது பிள்ளை?" நான் தொடங்குகிறேன் மாமா, நீங்கள் பேசாமல் இருங்கோ என்றேன். எனக்கு அவ்வளவு தைரியம்.

பெரியவளவில் இலை போட்டிருந்தார்கள். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்காய், பாயாசம். படத்துக்குப் புதுச் சந்தனம். மாமிக்கு எங்களைக் கண்டதும் பெரிய சந்தோசம்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. இண்டைக்கு நீங்கள் வந்தது அம்மாவே கூப்பிட்ட மாதிரி."

மாமா கதிரையை எடுக்காமல் படத்துக்கு முன்னால் நிலத்திலேயே இருந்தார். கழுத்தை நீட்டி, முகத்தை ஒரு பக்கம் சரித்து, தெரிகிற கண்ணை அதற்குக் கிட்டக் கொண்டுபோனார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

அதற்குள் மாமி தன் பேத்தியைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினார். ஐந்து வயதிருக்கும். "இவளைப் பாருங்கோ அண்ணை. அம்மாவின்ரை கண் அப்பிடியே இவளுக்கு. ஊரெல்லாம் சொல்லுது. என்ரை கலியாணத்தண்டு நான் முதல் விழுந்து கும்பிட்டது இந்தப் படத்திலைதான். பிள்ளைப்பெறுக்குப் போகேக்கை இதைப் பாத்து, நீ போனமாதிரி நான் போகக்கூடாதெண்டு அழுதனான். ஒவ்வொரு முறையும் என்னைக் காப்பாத்தினவ. தாயை அறியாதவள் எண்டு ஒரு நாளும் எனக்குத் தோன்றினதில்லை அண்ணை."

நான் வாயை மூடவில்லை. மூடத் தெரிந்தவள் இல்லை நான். "மாமி, உந்தப் படம்..." என்று தொடங்கிவிட்டேன். மாமாவின் கை என் பக்கம் திரும்பி, நிலத்தில் மெல்ல இரண்டு தரம் தட்டியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அறுபத்தைந்து வருசமாக அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான். ஒரே ஒரு சொல் சொன்னால் கையில் கிடைக்கும். அந்தச் சொல்லை என் வாயில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன்.

"உந்தப் படம் நல்லா இருக்கு எண்டு சொல்ல வந்தவள்," என்றார் மாமா. குரல் நேராகத்தான் இருந்தது. "தங்கச்சி, ஒரு பிடி சோறு நானும் வைக்கட்டோ?"

"வையுங்கோ அண்ணை, இதென்ன கேள்வி? உங்கடை அம்மாவின்ரை கைதானே கீறினது. அவவும் சேர்ந்து சாப்பிடட்டும்."

மாமா கை கழுவி, ஒரு பிடி சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து இலையில் வைத்தார். சின்னப் பிள்ளைக்குப் பிசைவதுபோல நிறைய நேரம் பிசைந்தார். தண்ணீர் தெளித்தார். மாமி கற்பூரம் கொளுத்தினார். அந்த வெளிச்சத்தில் படம் நன்றாகத் தெரிந்தது. மாமா இன்னும் கொஞ்சம் கிட்டப் போனார்.

பக்கத்தில் இருந்த மனிதரை நினைத்து மாமிக்கு மனம் கசிந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"எனக்கெண்டாலும் இந்த முகம் இருக்கு. உங்களைத்தான் நினைக்க எனக்குப் பாவமா இருக்கு அண்ணை. ஊருக்கெல்லாம் கீறிக் குடுத்தவவின்ரை பிள்ளை, பெத்த தாயின்ரை முகத்தைக் காணாமலே கிழவனாப் போனியள்."

"ஓம் தங்கச்சி," என்றார் மாமா. "காணேல்லை." கற்பூரம் அணையும்வரை அவர் அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.