மேலே அப்பா, கீழே நான்

அக்காவைக் கட்டிய அத்தான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருஷம் ஊரில் உள்ளவர்களை மேலே ஏற்றி இறக்கியே காலம் தள்ளியவர். அவர் குடியிருந்ததோ தரைத்தளம். எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்ட் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். "கயிறு உராயுது மாப்ளே" என்பார். போன வேலை அப்படியே கிடக்கும். அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் உள்ளே விளக்கு அணையக் கூடாது. "நின்னா யாரும் பயப்பட மாட்டாங்க. லைட்டு போனாத்தான் பயப்படுவாங்க." இதை என்னிடம் குறைந்தது இருநூறு தடவை சொல்லியிருப்பார்.

தோட்டத்தில் பொம்மை ரயில் விட்டது மகளுக்காக என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பச்சைப் பொய். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது, தண்டவாளத்தைக் கடிக்கத்தான் தெரியும். கொட்டகையில் கிளம்பி, எலுமிச்சைச் செடியைச் சுற்றி, துணி காயும் கொடிக்கு அடியில் புகுந்து, ஜன்னலோரமாகத் திரும்பி வரும் பாதை. முழ நீளத்தில் கறுப்பு இன்ஜின் ஒன்று. அதற்குப் பெயர் கிழவன். கொட்டகையில் இரும்புப் பெட்டி, அதில் பெரிய திருகு. திருகினால் தண்டவாளத்தில் மின்சாரம் ஏறும், கிழவன் ஓடுவான். இறக்கினால் நிற்பான். அனலாக் என்றால் அவ்வளவுதான்.

மகள் வளர்ந்து நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையப் போனாள். இருபத்தாறு வயதில் அவள் கையிலிருந்து பென்சில் நழுவ ஆரம்பித்தது. பிறகு கரண்டி. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய், மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். திருகைத் திருப்ப முடியாமல் போனபோது அவளே சொன்னாள், டிஜிட்டலுக்கு மாறலாம் என்று. அதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். இன்ஜினுக்குள் உட்கார்ந்திருக்கும் சிப், கையிலிருக்கும் ரிமோட் சொன்னபடி கேட்கும்.

"பட்டனை அமுக்கினா ஓடுறதெல்லாம் ஒரு வண்டியா?" என்றார் அத்தான்.

"உங்க கிழவன் நின்னா லைட்டு அணையுது. டிஜிட்டல்ல நின்னாலும் எரியும். உங்க சட்டப்படி எதுப்பா நல்ல வண்டி?"

 அந்த வாரமே டிஜிட்டல் சிப் வைத்த சிவப்பு இன்ஜின் ஒன்று வீட்டுக்கு வந்தது. அது இரண்டு மின்சாரத்திலும் ஓடும். கிழவனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இரண்டு மின்சாரமும் ஒன்றாகக் கலந்தால் எல்லாம் புகைந்துவிடும் என்பதால், கொட்டகைச் சுவரில் ஒரு கைப்பிடி ஸ்விட்சை வைத்தார். மேலே தள்ளினால் அனலாக், கீழே இழுத்தால் டிஜிட்டல், நடுவில் ஒன்றுமில்லை. அவள் தன் வரைபட எழுத்தில் இரண்டு சீட்டு எழுதி ஒட்டினாள். மேலே 'அப்பா'. கீழே 'நான்'. அவள் கடைசியாக எழுதியது அதுதான்.

இரண்டு வருஷத்தில் அவள் ஜன்னலோரக் கட்டிலோடு ஒடுங்கிவிட்டாள். வலது கட்டைவிரல் மட்டும் மிச்சம். தினமும் காலை பத்து மணிக்கு அந்த விரலால் ரயில் ஓட்டுவாள். ஒரு நாள் அவள் அமுக்க அமுக்க வண்டி அசையவில்லை. கொட்டகையிலிருந்து அதைப் பார்த்த அத்தான், சத்தமில்லாமல் கைப்பிடியை மேலே தள்ளித் திருகைத் திருப்பிவிட்டார். சிவப்பு இன்ஜின் கிளம்பியது. அவள் சிரித்தாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. "அடுத்து எங்கம்மா நிக்குது?" என்று கத்துவார். "எலுமிச்சைகிட்டப்பா" என்பாள். அங்கே நிறுத்துவார்.

"வளர்ந்த பொண்ணை ஏமாத்தறீங்களே" என்று சண்டை போட்டேன்.

"இந்த விரலும் போச்சுன்னு தெரிஞ்சா அவ மனசு விட்டுடுவா மாப்ளே. உங்க அக்காகிட்டகூட மூச்சு விடாதீங்க."

ஒரு மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ரிமோட்டை எடுத்துப் பார்த்தேன். எடையே இல்லை. பின்பக்கம் காலி.

"பேட்டரி எங்கடா கண்ணு?"

"அம்மாவை எடுக்கச் சொல்லிட்டேன் மாமா. பட்டன் அமுங்கலை, எதுக்கு வீணா? மூணு வாரமாச்சு."

ரிமோட்டைத் திரும்ப அவள் கைக்கடியில் வைத்தேன்.

"எலுமிச்சை நிழல்ல நிக்கும்போது லைட்டு அணையுது. என் வண்டின்னா அணையாதே. அவர் உக்கார்ற இடத்துலேர்ந்து பாத்தா வண்டியோட முதுகுதான் தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆயுசு பூரா லைட்டைப் பத்தியே பேசின மனுஷன், பாருங்க. சொல்லிடாதீங்க மாமா. நான் ஓட்டறதா நம்பறேன்னு நெனச்சுத்தான் அவர் காலைல எழுந்திரிக்கிறார்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பனும் மகளும் ஒருவரையொருவர் ஏமாற்ற, நடுவில் நான் ஊமையாக உட்கார வேண்டும். ஆனாலும் போகிற வழியில் கடையில் நான்கு பேட்டரி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் பதில் கிடையாது. நப்பாசை.

மறுநாள் காலை மழை மேகம் கவிந்து தோட்டமே இருட்டிக் கிடந்தது. நான் கொட்டகையில் அத்தான் பக்கத்தில் நின்றேன்.

"எங்கம்மா நிக்குது?"

"ஜன்னல்கிட்டப்பா."

வண்டி கொடியைத் தாண்டி, ஜன்னலோர வளைவில் எங்கள் பக்கம் திரும்பியது. விளக்கு பளிச்சென்று முகத்தில் அடித்தது. அத்தான் திருகை இறக்கினார். வண்டி நின்றது. விளக்கு மங்கி அணைந்தது.

அவர் கை திருகிலேயே இருந்தது. அணைந்த விளக்கைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டு போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஒப்புக்கொண்டிருப்பாள். அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

கைப்பிடியைப் பிடித்து, நடுவைத் தாண்டி, 'நான்' வரைக்கும் இழுத்தார். நின்றிருந்த வண்டியில் விளக்கு எரிந்தது.

"ஓட்டும்மா" என்றார்.

வண்டி அசையவில்லை. அவர் காத்திருந்தார். மழை விழ ஆரம்பித்தும் காத்திருந்தார்.

"நிக்கட்டும்பா" என்றாள் அவள்.

பேட்டரி நான்கும் என் சட்டைப்பையில்தான் இருந்தன. நான் வெளியே எடுக்கவில்லை.