நடவு வயலிலிருந்து ரயிலேறியவர்கள்

என்னிடமுள்ள பழைய ரயில்வே கால அட்டவணைகளில் மூன்றில் மட்டும் எங்கள் ஊர் ஹால்ட்டின் பெயர் இருக்கிறது. அதற்கு முந்தையதிலும் இல்லை, பிந்தையதிலும் இல்லை. நன்னிலம் பக்கம், வயல்களுக்கு நடுவே, மோட்டார் கொட்டகை அளவில் ஓர் அறை, ஒரு பெயர்ப்பலகை, பிளாட்பாரம் என்று ஒரு மண்மேடு. டிக்கெட் விற்றுக் கமிஷன் வாங்கும் உள்ளூர் ஏஜென்ட் ஒருவர்தான் அங்கே எல்லாம். அந்த மூன்று அட்டவணைகளின் காலமும் நான் திருவாரூரில் பட்டப்படிப்பு படித்த காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். பஸ் பிடிக்க ஆற்றைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்பதால், "ரயிலு இருக்குற வரைக்கும் போ" என்று சொல்லித்தான் அப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

இரண்டாம் ஆண்டில், ஹால்ட்டை மூடிவிடலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். சம்பா நடவு நேரம், ஊரே வயலில் இருந்தது. மேட்டில் நானும் கீரைக்கூடையோடு ஒரு பெரியவரும்தான் நின்றோம். ஏஜென்ட் பக்கத்து வயலுக்கு ஓடி, நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ரயில் சத்தம் கேட்கும் நேரத்தில், என் அம்மாவின் தங்கையான சின்னம்மா முன்னால் வர, அத்தனை பேரும் முழங்கால் சேற்றோடு மேடேறி வந்து டிக்கெட் கேட்டார்கள்.

எங்கே போகிறீர்கள் என்றார் அதிகாரி. அடுத்த ஸ்டேஷனுக்கு என்றாள் சின்னம்மா. அங்கே என்ன வேலை என்று கேட்டார்.

"போனாத்தானங்க தெரியும்."

பெட்டியில் இடமிருந்தும் யாரும் உட்காரவில்லை. சேறு ஒட்டிவிடுமாம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தோரமாகவே மீதி நடவுக்குத் திரும்பி நடந்தார்கள். அதே வண்டியில் ஏறியிருந்த அதிகாரி ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கடைசித் தேர்வு எழுதி முடிக்கும்வரை ஹால்ட் இருந்தது. பிறகு பாதையை அகலமாக்கியபோது எடுத்துவிட்டார்கள். இன்று எனக்கென்று ஒரு வேலையும், இந்த ஊர் விவரங்களைத் தேடித் தொகுக்கும் ஓய்வும் இருப்பது அந்த நடையால்தான்.

அன்று நாற்றுமுடியை முதலில் கீழே போட்டவரின் பெயரை எழுதிவைக்க ஆசைப்பட்டு, சின்னம்மாவிடம் போன மாதம் கேட்டேன்.

"முன்னால வந்தது நான்தான்டி. மொதல்ல கரையேறுனது நான் இல்ல."

அவள் பெயர் சொன்னவரைப் போய்க் கேட்டேன், அவர் இன்னொருவரைச் சொன்னார். அவர் சொன்னவர் இப்போது உயிரோடு இல்லை. முதலில் கரையேறியவர் யார் என்பது இதுவரை உறுதிப்படவில்லை.