உதுமாலெவ்வையின் முழங்கால் வீதம்

சாய்ந்தமருது உதுமாலெவ்வையிடம் யார் சுகம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்ல." சந்தையிலும், சாவு விழுந்த மையித்து வீட்டிலும் அது நல்ல பதில். டொக்டர்மார் கூடும் மெடிக்கல் போர்டில் சொன்னதால்தான் வினை வந்தது.

ஊர்காவல் படையில் இருந்தபோது கண்ணிவெடியில் இடது முழங்கால் சிதைந்தவர் அவர். இயலாமை நூற்றுக்கு இத்தனை வீதம் என்று டொக்டர்மார் போட்ட கணக்கில்தான் மாதக் கொடுப்பனவு வந்தது. மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டபோது, பெரிய மனிதர்கள் முன்னால் சீரழிந்து போய் நிற்கலாமா என்று புதுச் சாரன் உடுத்தி, அத்தர் பூசி, ஊன்றுகோலையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். டொக்டர் காலை மடித்துப் பார்த்தார். உயிர் போய் வந்தது. "இப்ப சுகமா?" என்றதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்ல டொக்டர்" என்றார். வீதம் பாதியாக இறங்கியது. அந்த வீதத்துக்குக் கொடுப்பனவு கிடையாது, அதுவும் நிற்கப் போகிறது என்றார்கள்.

மனைவி றமீசா வாயிலடித்துக்கொண்டாள். இந்த முறை ஊன்றுகோலையும் எடுத்துக்கொண்டு மேன்முறையீட்டுக்கு அம்பாறை பஸ் ஏறியதிலிருந்து ஓதிக்கொண்டே வந்தாள். "இஞ்சாருங்க, கேட்டா நோகுதெண்டு சொல்லுங்க. அல்ஹம்துலில்லாஹ்வ வீட்ட வெச்சிட்டு வந்தீங்கதானே?"

"வெச்சிட்டு வர அதென்ன குடையா?"

இந்த மனிசனை நம்பினால் அடுப்பெரியாது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. காத்திருக்கையில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. றமீசா பியூனிடம் கெஞ்சி, அவர் இருந்து தொழ ஒரு கதிரை வாங்கி, மேன்முறையீட்டைப் பார்க்கும் டொக்டரின் கதவுக்கு நேரே போட்டாள். தொழும் திசையான கிப்லாவும் அந்தப் பக்கமே அமைந்தது அவளுடைய அதிர்ஷ்டம். சாப்பாட்டுக்கு வெளியே வந்த டொக்டர் அர்ஷாத், கதிரையில் இருந்தபடி குனிந்து தொழுதுகொண்டிருந்தவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

அவர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் டொக்டர் கேட்டார். "நிலத்துல தொழ ஏலாதா?"

நோவைப் பற்றிப் பொய் சொல்லத் தெரிந்த மனிதருக்குத் தொழுகையைப் பற்றிப் பொய் சொல்ல வரவில்லை. "வெடிபட்ட நாளிலிருந்து என்ட நெத்தி நிலத்துல படல்ல டொக்டர்," என்றார். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அத்தனை வருடமும் அவருக்கு அதுதான் நோவு.

டொக்டர் அவரை உள்ளே கூட்டிப்போய் நிலத்தில் இருத்தினார். எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"ஏலாத்தனத்துக்குத்தான் நாங்க வீதம் போடுற காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் டொக்டர். "நீங்க பொறுமையக் காட்டினா அதுக்கு வீதம் போட எங்களுக்கு வழியில்ல. இதையெல்லாம் அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சுகமா எண்டுதானே கேட்டாங்க," என்றார் உதுமாலெவ்வை.

பழைய வீதத்துக்கு மேலேயே போட்டார்கள். வாசலில் றமீசா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள், "இப்ப சொல்லுங்க, அல்ஹம்துலில்லாஹ்வ."

அவர் ஊன்றுகோலை எட்டி எடுத்தார்.

"நீதானே புள்ள வீட்ட வெச்சிட்டு வரச் சொன்ன?"