வால்வு ஒழுகிய ஐந்து நாட்கள்

பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், எங்கள் வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வரும் வால்வு ஒழுக ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஓஸ் வந்து சேருகிற இடத்தில் சொட்டுச் சொட்டாக...

பிளம்பரைக் கூப்பிடலாம் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. என் கணவர் பம்பு கம்பெனியில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். கோயமுத்தூரில் பம்பு செய்தவர் வீட்டுக்குப் பிளம்பர் வருவதா? கௌரவம் என்ன ஆவது?

"ரெண்டு சுத்து டெஃப்லான் டேப்பு போட்டா நின்னுரும்" என்றார். போட்டார். நிற்கவில்லை. நான்கு சுற்று போட்டார். பிறகு ஸ்பேனரால் இறுக்கினார். இறுக்க இறுக்க இன்னும் தாராளமாக ஒழுகியது. அடியில் வாளியை வைத்துவிட்டு, ஆராய்ச்சி தொடரும் என்று அறிவித்தார். வாளிதான் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

கோயமுத்தூரில் கணபதி என்கிற பகுதியில் எங்களுக்கு மாடி வீடு. கீழ்ப் போர்ஷனில் மேரி வாடகைக்கு இருக்கிறாள். வந்து ஆறு மாதம் ஆகிறது. கணவருக்கு வெளியூரில் வேலை. இவள் வீட்டிலேயே துணி தைக்கிறாள். வால்வு ஒழுகிய நாட்களில் இரண்டு முறை மேலே வந்தாள்.

முதல் முறை, "ஏனுங்கக்கா, மிசினு நல்லா ஓடுதுங்களா?" என்று விசாரித்தாள்.

"ஓடுது அம்மணி" என்று காபி கொடுத்து அனுப்பினேன்.

இரண்டாம் முறை வந்தபோது கணவரே அவளைக் கூட்டிப்போய் வால்வைக் காட்டினார். எட்டிப் பார்த்துவிட்டு, "சார் டேப்பு அழகாச் சுத்தியிருக்கறாருங்க" என்றாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன மரியாதையான பெண் என்று இருவரும் மெச்சிக்கொண்டோம்.

ஐந்தாம் நாள், அளவு ஜாக்கெட் கொடுக்கக் கீழே போனேன். வாஷிங் மெஷின் இருக்கிற எங்கள் பாத்ரூமுக்கு நேர் கீழேதான் அவள் தைக்கிற அறை. நடுவில் ஒரு பேசின். சீலிங்கில் பழுப்பாக ஒரு திட்டு — அதிலிருந்து சொட்டுகிறது. தையல் மெஷின் சமையலறைக்குப் போய்விட்டது. கொடியில் தொங்கிய வெள்ளை கவுன்களின் மேல் பிளாஸ்டிக் ஷீட்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப் போகிற பிள்ளைகளின் கவுன்கள் அவை. இந்த ஊர்ச் சர்ச்சில் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். ஒன்றின் தோளில் பழுப்புக் கறை. அதைத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள்.

வாளியில் விழுந்தது பாதிதான். மீதி சுவரோரப் பைப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது.

ஓடிப்போய் மேல் டேங்க் லைனை மூடினேன். ஓஸைக் கழற்றிக்கொண்டு தெருமுனை ஹார்டுவேர் கடைக்கு நானே போனேன். கடைக்காரர் உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். "டேப்பு எதுக்குங்க? உள்ளார ரப்பர் வாஷரு வெடிச்சுக் கெடக்குதுங்க" என்றார். புது வாஷரை வைத்துக் கையாலேயே திருகினேன். நின்றுவிட்டது. பம்பு கம்பெனி அப்போது பேப்பர் படிப்பதில் மும்முரமாக இருந்தது.

மறுபடி கீழே போனேன். "ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இதுக்கு முன்னால இருந்த ஊட்டுல சொன்னேனுங்கக்கா. அடுத்த மாசமே காலி பண்ணச் சொல்லிப்போட்டாங்க. புள்ளைய இப்பத்தான் இங்க பள்ளிக்கூடத்துல சேத்தியிருக்கறனுங்க..."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மரியாதை என்று நாங்கள் மெச்சியது பயம். மாடியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து நானும் கவுன்களுக்கு ஹெம்மிங் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தன. "இனி எது கெட்டாலும் வந்து சொல்லு, அதுக்காகக் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்" என்றேன். தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

நேற்று மேலே வந்தாள். உட்காரக்கூட இல்லை. "ஏனுங்கக்கா, பின்கதவுத் தாப்பாள் ஒடஞ்சு கெடக்குதுங்க. இந்த வாரமே மாத்திக் குடுத்துருங்க."

புகாரைக் கேட்டு இத்தனை சந்தோஷப்பட்ட வீட்டுக்காரி கணபதியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!