மண்டூர் வீதியில் தார் கறுக்கும் வரை

காலை எட்டு மணிக்குக் குருமன்வெளித் துறையில் ‘பாதை’ ஏறினேன். வாகனங்களையும் ஆட்களையும் வாவியின் குறுக்கே கொண்டுபோகும் மிதவைக்கு இங்கே அதுதான் பெயர். அக்கரை மண்டூர். முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெல்லாவெளிக்கு ஆட்டோ பிடித்தேன். “றோட்டு வேலை நடக்குது, கொஞ்சம் சுணங்கும்” என்றார் ஓட்டுநர் குலசிங்கம்.

வயல்களுக்கு நடுவே வீதியை மறித்திருந்தார்கள். பழைய தாரின்மேல் ஒரு லொறி கோப்பி நிறத்தில் எதையோ தெளித்துக்கொண்டு போனது. புகையில்லை, சூடுமில்லை. வேலைக்குப் பொறுப்பாக நின்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் சர்மிளாவிடம் இது தாரா என்று கேட்டேன்.

“தார்தான். தண்ணியோட கலந்த எமல்ஷன். தண்ணி பிரிஞ்சா கறுக்கும். அதை உடையிறது எண்டு சொல்லுவம். இது கெதியா, கொஞ்ச நேரத்திலயே உடையிற வகை, புதுத் தாரைப் பழசோட ஒட்டவைக்க. மண்ணோட கலக்கிறதெண்டா ஆறுதலா உடையிற வகைதான் வேணும்.”

அப்போது நெல் மூட்டைகளோடு ஒரு ட்ராக்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தங்கராசா என்ற விவசாயி. மேற்கே வானம் இருண்டிருந்தது.

“விடு புள்ள. நெல்லு நனைஞ்சா ஆர் பொறுப்பு?”

“ஐயா, இப்ப ஏறினா தார் டயரோட கழண்டு வந்திரும்.”

அவர் இறங்கவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை. ஓரத்தில் ஆள் நடக்க மட்டுமே இடம், அதற்கப்பால் வாய்க்கால். சர்மிளா வானத்தைப் பார்த்தார். பிறகு லொறியை நோக்கிக் கையை உயர்த்தினார்.

“நானா, நிப்பாட்டுங்க!”

“இன்னும் கொஞ்சந்தான் மிஸ் கிடக்கு” என்றார் லொறி ஓட்டிய நௌபர். ஏறாவூர்க்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மழை விழுந்தா எல்லாம் வாய்க்காலுக்க போகும். வேணாம்.”

வேலை நடக்கும் துண்டின் மறுமுனைக்கு இன்னொரு ட்ராக்டரை வரச் சொல்லும்படி தங்கராசாவிடம் கேட்டுவிட்டுத் தன் ஆட்களை ஓரத்து வழியே மூட்டை தூக்க அனுப்பினார் சர்மிளா. தங்கராசா எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். நௌபர் தூக்கினார், குலசிங்கம் தூக்கினார், நானும் தூக்கினேன். ஓரத்து மண் காலுக்கடியில் சரிந்தது. கடைசி மூட்டையை மறுமுனையில் வந்து நின்ற ட்ராக்டரில் ஏற்றித் தறப்பாள் போட்டுக் கட்டியபோது முதல் துளிகள் விழுந்தன.

எல்லோரும் வீதியைத்தான் பார்த்தோம். பெரும்பகுதி கறுத்திருந்தது, அதன்மேல் மழைநீர் தெளிவாக ஓடியது. கடைசியாகத் தெளித்த பகுதி மட்டும் இன்னும் கோப்பி நிறம். அங்கிருந்து ஒரு கீற்று வாய்க்கால் பக்கம் இறங்கத் தொடங்கியது. சர்மிளா மணலை அள்ளிக் கொட்டச் சொல்லிக் கத்தினார்.

நெல்லோடு போயிருக்க வேண்டிய தங்கராசா மண்வெட்டியோடு திரும்பி ஓடி வந்தார்.

“உங்கட வயலா ஐயா இது?” என்றேன்.

“இல்ல. ஆருட வயலெண்டா என்ன, தண்ணி எல்லாருக்கும்தானே” என்று சொல்லிக்கொண்டே வரம்பு கட்டினார். சர்மிளாவும் மணல் வாளியோடு அவர் பக்கத்தில் நின்றார். மண்ணிறத் தண்ணீர் வரம்புக்குள் தேங்கியது. வாய்க்காலைத் தொடவில்லை.

மழை அரை மணித்தியாலத்தில் விட்டது. “கழுவுப்பட்ட இடத்துக்கு மறுகா தார் அடிக்கோணும்” என்றார் சர்மிளா, சலிப்பாக. தங்கராசா தன் போத்தல் தேநீரை அவருக்கு ஊற்றிக் கொடுத்தார். இருவரும் மன்னிப்பு எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

கறுத்து முடிந்து மணல் தூவிய தாரின்மேல் ஆட்டோ மெதுவாகக் கடந்தது. திருகோணமலையில் என் வீட்டு வாசலிலும் தார் வீதிதான். அதைப் போட்டவர்களில் ஒருவருடைய முகமும் எனக்குத் தெரியாது.